மூன்றாம் சுவரில் என் மகள்

காலையில் வேலைக்குப் போவதற்குள் என் மகளை இரண்டு முறை பார்த்துவிடுகிறேன். வீட்டில், கம்பளிக்குள் சுருண்டு தூங்குவாள். தபால் நிலையச் சுவரில், பழங்காலத்துக் கவுன் போட்டுப் பனிக்கட்டிமேல் நிற்பாள்.

கனடாவில் ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூர் தன் கதையைச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறது. முதல் சுவரில், வெள்ளைக்காரர்கள் வருமுன்பே இங்கே வலை வீசிய பூர்வகுடிகள். அடுத்ததில் மரம் அறுக்கும் ஆலை. மூன்றாவதான தபால் நிலையச் சுவரில், குளிர்பெட்டி இல்லாத காலத்தில் உறைந்த ஏரியை ரம்பத்தால் அறுத்து, பாளங்களை மரத்தூளில் பொதிந்து ரயிலேற்றும் மனிதர்கள். அவர்களின் முகம் யாருக்கும் தெரியாததால், பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி வரைந்தார் ஓவியர். பனி அறுப்பவரின் மகளாக என் மகள். எனக்குப் பெருமைதான். திறப்பு விழாவில்தான் சொன்னார்கள், அந்தச் சிறுமி பனி உடைந்து ஏரிக்குள் போனவள் என்று.

கோவில்பட்டிப் பக்கத்தில் எங்கள் கண்மாய் நிறைவதே அபூர்வம். நிறைந்த ஒரு வருஷம் ஊரே கரையில் நின்று கும்பிட்டது. வயலுக்கு உரமாகக் கரம்பை மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. என் தம்பி அதில் போனான். எங்கள் வீட்டுச் சுவரில் ஏறிய முதல் படம் அவனுடையது. ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் சுவர்களில் யார் இருப்பார்கள் என்று.

விழா முடிந்த அந்தக் குளிர்காலத்திலேயே, ஸ்கேட்டிங் போன மகள் கரையோரப் பனி உடைந்து இடுப்பு வரை உள்ளே போனாள். தோழிகள் இழுத்துப் போட்டார்கள். ஏரிப்பனியின் கீறல்கள் கோடைக் கரிசலின் வெடிப்புகளைப் போலத்தான் இருக்கும். அங்கே வெடிப்பில் கால் போனால் சுளுக்கும், அவ்வளவுதான்.

கயத்தாற்றில் இருக்கும் அக்காவிடம் போனில் அழுதேன். “ஏட்டி, செத்தவளுக்கு மூஞ்சி குடுக்க நம்ம பிள்ளதான் கெடச்சாளா? அந்தாளு கால்ல விழுந்தாவது அழிக்கச் சொல்லு” என்றாள்.

ஓவியரிடம் போய், அந்த முகம் வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “மூக்கு சரியாக வரவில்லைதான். திருத்திவிடுகிறேன்” என்றார். தம்பியையும் கண்மாயையும் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. நன்றி சொல்லித் திரும்பினேன்.

மகள்தான் மறித்தாள். “அழிச்சிராதீங்கம்மா. நீ எங்கேருந்து வந்தேன்னு என்னைய யாரும் கேக்காத ஒரே எடம் அந்தச் சுவருதான்.”

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுவரில் இருப்பவளின் கன்னத்தில் கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். மழை கரைக்கும்; மறுபடி வைப்பேன். கோடையில் ஓவியர் சாரம் கட்டி, உரிந்த இடங்களுக்கெல்லாம் புது வண்ணம் பூசினார். பயந்துகொண்டே போய்ப் பார்த்தேன். மூக்கைத் திருத்தியிருந்தார். பொட்டு அப்படியே இருந்தது, அவர் கையால், கரையாத கறுப்பு வண்ணத்தில். மச்சம் என்று நினைத்தாரோ என்னவோ.

ஏரி மறுபடி உறைந்துவிட்டது. “கூட்டாளிக சிரிப்பாளுகம்மா” என்று கண்மை தொட்ட என் விரலைத் தட்டிவிட்டு, ஸ்கேட்டிங் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறாள் மகள். பொட்டு வைத்தவள் சுவரில் நிற்கிறாள். வைக்காதவள் அவளைக் கடந்து ஏரிக்குப் போகிறாள்.