கிளிப்பச்சைச் சுவருக்கு ‘கலர்லெஸ்’

தாராவியில் எங்கள் சந்தின் ஆறு வீடுகளும் மங்கிப்போனவை என்று பதிவாகியிருக்கின்றன. கணக்கெடுப்புப் படிவங்களை இன்று காலை நானே வாசித்தேன்.

ஐந்து வீடுகளுக்கு ஆங்கிலத்தில் டல், டிங்கி, டிரியரி, ப்ளீக், குளூமி. பக்கத்து வீட்டுச் செல்லக்கனிக்கு கலர்லெஸ். அவர் வீட்டுச் சுவர் கிளிப்பச்சை.

“அப்படின்னா என்ன அண்ணாச்சி?” என்று கேட்டார் செல்லக்கனி.

“நிறமே இல்லைன்னு அர்த்தம்.”

“கணக்கெடுக்க வந்தவனுக்குக் கண்ணு அவிஞ்சிட்டாக்கும்? தீவாளிக்குத்தான பெயிண்ட் அடிச்சோம்!”

“உள்ள வந்து பாத்தானா?”

“எங்க வந்தான்? டீக்கடையில உக்காந்துக்கிட்டு எல்லாரையும் வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கினான்.”

எந்த வீட்டை முதலில் இடிப்பது என்பதை இந்தப் படிவம்தான் தீர்மானிக்குமாம். வீட்டைப் பார்க்காதவருக்கு ஒரே அர்த்தத்தில் ஆறு சொற்கள் எதற்கு? ஆறு வீடுகளையும் பார்த்ததாகக் காட்டத்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

மறுபடி வந்து பார்க்கும்படி மனு கொடுத்துவிட்டோம். பதில் வெள்ளிக்கிழமை என்கிறார்கள். மற்ற சந்துக்காரர்களே, உங்கள் படிவத்தில் என்ன சொல் விழுந்திருக்கிறது?