நாரை உட்கார்ந்த கிளை

பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி வைப்பதில்லை. ஐப்பசி மழையோடு நாரைகள் வந்து குளத்தங்கரைப் புளியமரங்களில் கூடு கட்டும். வெடிக்கு மிரண்டு அவை போய்விட்டால் குளத்தில் எச்சம் விழாது. எச்சம் விழாத தண்ணீரில் நெல் விளையாது. ஊருக்கு அது கணக்கு. தணிகாசலத்துக்கு மட்டும் அது பயம்.

கல்யாணமான மறு வருஷம், மனைவி சந்திரகலா முழுகாமல் இருந்தபோது, ஏர்க்காலுக்கென்று அவன் ஒரு கிளையை வெட்டினான். மேலே கூடு இருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? குஞ்சுகள் படித்துறையில் விழுந்து செத்தன. பிறந்த குழந்தை அழவே இல்லை. அடுத்ததும் அப்படியே போயிற்று. "கூட்ட கலைச்ச கையி" என்று ஊர் முடிச்சுப் போட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வேடிக்கை என்னவென்றால், ஊர் மறந்த பிறகும் அவன் மறக்கவில்லை. கோடரியைத் தொடும் முன் மரத்தை அண்ணாந்து பார்ப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் சந்திரகலாவுக்கு மறுபடியும் மாதம் நிறைந்திருந்தது. முதல் இரண்டும் தாய்வீட்டில் போனதால் இந்தப் பிரசவம் இங்கேதான் என்பது அவன் பிடிவாதம். வீட்டின்மேல் சாய்ந்திருந்த புளியமரமோ எச்சம் பட்டுப்பட்டு இலை கருகி, வேர்மண் ஊறிக் கொழகொழத்துக் கிடந்தது. அதன் பெரிய கிளை அவள் படுக்கும் அறைக்கு நேர்மேலே, கூடுகளைச் சுமந்துகொண்டு நீண்டிருந்தது.

நெல் வாங்க வந்த பழவேற்காட்டு வியாபாரி அமீருதீன் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாண்ணே, இதுக்குக் கீய குந்திக்கினு எப்படி சோறு எறங்குது? வெட்டிக் கடாசு."

"வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கறப்போ கூட்ட கலைக்கச் சொல்றியா பாய்? குஞ்சு பறக்கட்டும்."

"அதுக்குள்ள மரம் வந்துடும்போல கீதே!"

அன்று மதியமே கடல் பக்கம் வானம் ஈயம் பூசினாற்போல ஆனது. காற்று எழும்பியது. அமீருதீனின் வண்டிமாடுகள் நுகத்துக்குக் கழுத்தே கொடுக்காததால் அவரும் வண்டிக்காரனும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

"மாமா, தெருக்கோடி முத்தம்மா அக்கா ஊட்டுக்காவது போயிடலாம்" என்றாள் சந்திரகலா.

தணிகாசலம் கிளையைக் காட்டினான். அது மேலும் கீழும் ஆட, ஒவ்வொரு கூட்டிலும் ஒரு நாரை சிறகைப் பரப்பி அசையாமல் இருந்தது. "அதுங்களுக்குத் தெரியாததா? ஆபத்துன்னா எப்பவோ பறந்திருக்கும். அது குந்திக்கினு கீது பாரு. நாமளும் குந்துவோம்."

புயலுக்கு முன்பே நாரைகள் ஊரைக் காலி செய்வதை அவன் பார்த்தது உண்மைதான். ஆனால் அதெல்லாம் கூட்டில் ஒன்றும் இல்லாத காலத்தில்.

"குஞ்ச உட்டுட்டு எங்க போவும் மாமா? தெரிஞ்சா குந்திக்கினு கீது? போவ முடியாம குந்திக்கினு கீது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் எத்தனையோ தரம் நொந்திருக்கிறான்.

சாயங்காலம் வலி கண்டது. மருத்துவச்சி குப்பம்மாள் நனைந்தபடி வந்து சேர்ந்தாள். அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கிளையின் அடியில் படீரென்று சத்தம் கேட்டது. பட்டை பிளந்து வெள்ளையாய்த் தெரிந்தது.

"தூக்கிக்கினு போயிடலாமா?" என்று தணிகாசலம் கதவருகே கத்தினான்.

"தல எறங்கிடுச்சி. இப்போ அசைச்சா ரெண்டு உசுரும் போவும்!"

நாரை ஏன் எழவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோடரியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினான். அமீருதீன் வண்டிக்கயிற்றை வீசினார். கிளையில் கயிற்றைக் கட்டிவிட்டு வெட்டத் தொடங்கினான். எட்டிய தூரத்தில் ஒரு நாரை அலகைப் படபடவென்று தட்டியது, எழுந்திருக்கவில்லை. "போயிடு தாயே, போயிடு" என்று அழுதுகொண்டே வெட்டினான். அமீருதீனும் வண்டிக்காரனும் கயிற்றை இழுக்க, கிளை கூரையைத் தப்பிக் குளத்துப்பக்கம் திரும்பி விழுந்தது, கூடுகளோடும் அந்த நாரையோடும்.

தணிகாசலம் மரத்தைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டினான். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இதுவும் போயிற்று என்றே நினைத்தான். குப்பம்மாள் வெளியே வந்து திட்டிய பிறகுதான் இறங்கினான்.

"பொண்ணு பொறந்து கத்திக்கினே கீது, அப்பனுக்குக் காது அவிஞ்சிபோச்சா?"

அந்தப் பெண்ணை அவன் தொடவே இல்லை. தவழ்ந்து வந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான். மறு ஐப்பசியில் நாரைகள் எல்லா மரத்துக்கும் வந்தன, அவன் மரத்தைத் தவிர. அதே வாரம் குழந்தைக்குச் சுரம் கண்டது.

"குஞ்சுக்குக் குஞ்சு கேக்க வந்துடுச்சிங்க" என்றான், முகம் வெளிறி.

சந்திரகலா குழந்தையைத் தூக்கி அவன்முன் நீட்டினாள். "கேக்க வந்தா? நாம குடுத்துடுவமா? புடி மாமா."

வாங்கிக்கொண்டான். சின்ன உடம்பு கொதித்தது. குளத்தங்கரையில் நாரைகள் அலகு தட்டுவது நிற்கவில்லை. அவன் கையைத் தளர்த்தவில்லை.