பதினோராவது தட்டு

என் மாமாவுக்கு ஷாப் கிடையாது. சைக்கிள்தான் ஷாப். கேரியரில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் சுருட்டிக் கட்டிய கறுப்பு ரப்பர். சுரங்கத்தில் கரி சுமந்து ஓடித் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட்டின் துண்டு அது. மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் ஸ்கூட்டர் நின்றுபோனாலும் மாமாவுக்கு ஆள் வரும். போய் அந்த குவார்ட்டர்ஸ் வாசலில் பெல்ட்டை விரிப்பார். விரித்தால் ஷாப் திறந்தாயிற்று, சுருட்டினால் மூடியாயிற்று.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் மாமா அந்த ரப்பரின் மேல் இடமிருந்து வலமாக அடுக்குவார். மாட்டும்போது வலமிருந்து இடமாக வர வேண்டும். அந்த வரிசையைத் தொட எனக்குக்கூட அனுமதி கிடையாது. ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை அப்போது எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை, இப்போதும் இருக்கிறது. "பன்னண்டு பதிமூணு" என்று மாமா கையை நீட்டினால், எழுந்து நின்று உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

நான் நாலாவது படித்த வருஷம் மாமாவுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் பெண் அமைந்தது. விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைக்கு மைன்ஸில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். அதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மைன்ஸ்காரர்களின் வண்டிகளைத்தானே மாமா ரிப்பேர் செய்தார்! எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது மாப்பிள்ளைகளில் பர்மனென்ட் உண்டு, கான்ட்ராக்ட் உண்டு, அதற்கப்புறம் மற்றவர்கள். மற்றவர்களுக்குப் பெண் கொடுக்க எல்லோரும் யோசிப்பார்கள். மாமாவுக்கு வந்த இடமெல்லாம் அப்படித்தான் தட்டிப்போயின. ஆகவே அம்மா தரகரைத் திருத்தவில்லை. தம்பியிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

"அங்க வந்து வாயத் தொறக்காத. தாலி கட்ற வரைக்கும் நீ மைன்ஸ்தான்."

மாமா பெல்ட்டைச் சுருட்டிக் கேரியரில் கட்டினார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு சீர்த்தட்டு வரும் என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தட்டுகள் அத்தனையும் இரவல். ஒவ்வொன்றிலும் யார் யார் பெயரோ புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. வேனில் ஏறியதிலிருந்து நான் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். மாமா பட்டுச் சட்டைக்குள் அட்டைப் பெட்டி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

வடலூர் தாண்டி முந்திரித் தோப்புகள் தொடங்குகிற இடத்தில் வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்தாரே தவிர எதையும் தொடவில்லை.

"கார்புரேட்டர்ல குப்ப அடச்சிகினு இருக்கும்ங்க. கடலூர்லேர்ந்து மெக்கானிக் வரணும்" என்றார்.

அப்பா ராகுகாலம் பிறக்கப்போவதைப் பற்றி எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். மாமா சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கித்தான் துணியில் சுருட்டிய ஸ்பேனர்கள் வெளியே வந்தன! பெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு வரும்படி அம்மா சொல்லியிருந்தாள். இந்தத் துணிச் சுருளைப் பற்றி அவள் சொல்லவில்லையாம்.

"டேய், இன்னிக்கி ஒரு நாளாச்சும் மாப்ள மாரி இருடா!"

"மாப்ள மாரி இருந்தா வண்டி கெளம்புமாக்கா?"

பட்டுச் சட்டை முந்திரிக் கிளைக்குப் போனது. பனியனோடு நின்ற மாமாவுக்குக் காலையிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பெல்ட் இல்லை. கீழே பொடிப் பொடியாகச் செம்மண். கார்புரேட்டரின் திருகு ஒன்று அதில் விழுந்தால் அப்புறம் தேட வேண்டியதில்லை, நடந்தே போகலாம். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் பார்வை வாழைப்பழத் தட்டில் போய் நின்றது.

அம்மா தடுப்பதற்குள் பழங்கள் வெற்றிலைத் தட்டுக்கு இடம் மாறின. காலித் தட்டு என் மடிக்கு வந்தது.

"ஆடாம புடி. தும்மக்கூடக் கூடாது."

நான் தும்மவில்லை, மூச்சே பாதிதான் விட்டேன். மிதவை, ஊசி, ஜெட், சின்னச் சின்னத் திருகுகள் என்று ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பை ஒட்டி வரிசையாக வந்து உட்கார்ந்தன. மாமா பெட்ரோலில் கழுவினார், ஜெட்டை வாயில் வைத்து ஊதினார், வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. தட்டு காலியானதும் டிரைவர் சாவியைத் திருப்பினார். வேன் உறுமியபோது நான் போட்ட கூச்சலில் தோப்பிலிருந்த காக்கைகள் பறந்தன.

பெண் வீட்டு வாசலில் இறங்கித் தட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்தபோது நான் எண்ணினேன். பத்து!

"அம்மா, பத்து இரட்டைப்படை!" என்று கத்தினேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை அந்த வருஷம்தான் எங்களுக்கு நடத்தியிருந்தார்கள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்தது. பெட்ரோல் நாறும் தட்டில் பழத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. "அதத் தொடச்சி எதயாச்சும் வெச்சி, துணியப் போட்டு மூடி எடுத்துனு வாடி. அவங்க வாங்கறதுக்கு முன்னாடி கீழ மட்டும் வெச்சிடாத, ஆவாது" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

வேனுக்குள் எதையாவது என்று தேடினால், ஸ்பேனர்கள்தான் இருந்தன. ஆயுத பூஜை அன்று மாமா அவற்றை எப்படி வைப்பார் என்று எனக்குத் தெரியும். எண் வரிசைப்படி அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் வேன்காரர் சாமி படத்தடியில் வைத்திருந்த சந்தனம், குங்குமம். மேலே அந்தப் படத்தில் தொங்கிய ஒரு முழம் பூ. மற்ற பத்துத் தட்டுகளையும்விட என் தட்டுதான் அழகு என்று சத்தியம் செய்திருப்பேன்.

கூடத்தில் பெண் வீட்டுப் பெண்கள் தட்டுகளை வாங்கிப் பாயில் வைத்தார்கள். தாம்பூலம் மாற்றிய பிறகுதான் அவை உள்ளே போகுமாம். கடைசியாக நான் நின்றேன். ஓர் அம்மாள் துணியை விலக்கினாள்.

"அய்ய, இன்னாடி இது, இரும்பு! எங்க பொண்ண இன்னா லாரின்னு நெனச்சிகினாங்களா, கழட்டிப் பாக்கறதுக்கு?"

கூடம் சிரித்தது. அம்மா முந்திக்கொண்டாள். "வேன்காரரு சாமாங்க. பாப்பா வெளயாட்டா..."

"எங்க மாமாது!" என்றேன் நான். யார் யாருக்கோ சொந்தமாக விட எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணின் அப்பா எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். "மைன்ஸ் சாமானா மாப்ள? வெளிய எடுத்தார வுடுவாங்களா?"

மாமாவின் காது சிவந்தது. "என் சொந்தச் சாமாங்க. மைன்ஸ்ல எனக்கு வேல இல்லீங்க. வூடு வூடாப் போயி ஸ்கூட்டர் ரிப்பேர் பண்றேன். இதாங்க எனக்குத் தொழில்."

சிரிப்பு நின்றது. தட்டை வாங்க வந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரகரைத் தேடினார். தரகர் அங்கே இல்லை. அப்பாவும் அம்மாவும் தரையைப் பார்த்தார்கள். வாங்காத தட்டைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் நான் அப்படியே நின்றேன். இரும்பின் கனத்தில் தட்டு ஆடி, ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன. உள் அறை வரைக்கும் அது கேட்டிருக்கும்.

அப்போது உள் அறையின் கதவு திறந்தது. கூப்பிடும்வரை வரக்கூடாத பெண், பச்சைப் புடவையில், யாரும் கூப்பிடாமல் வந்தாள். அப்பாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"கனமா இருக்குதா கண்ணு?"

தலையாட்டினேன். தட்டை வாங்கிக்கொண்டு, பாயில் வைக்காமல், உள்ளே போய்விட்டாள்.

பெண்ணின் அப்பா அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ராகுகாலம் பொறக்கப் போவுது. நின்னுகினே இருந்தா எப்பிடி? உக்காருங்க" என்றார்.

திரும்பி வரும்போது வேனே திருவிழாவாக இருந்தது. அம்மா ஒரே சமயத்தில் அழுதாள், சிரித்தாள், தம்பியைத் திட்டினாள். "அத்த ரொம்ப நல்லவங்க. என் கை வலிக்கிறதப் பாத்து வாங்கிக்கினாங்க" என்று நான் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன்.

முந்திரித் தோப்பைத் தாண்டும்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது.

"மாமா! ஸ்பேனரெல்லாம் அங்கியே இருக்குது! நாளைக்கு எப்பிடி வேலைக்குப் போவீங்க?"

"ஆமால்ல" என்றார் மாமா. "நாளைக்கிச் சைக்கிள்ல போயி வாங்கினு வந்துர்றேன்."

குள்ளஞ்சாவடி வரைக்கும், அந்த வெயிலில், போகவர அவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும். அதற்குப் போய் ஒரு மனிதர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.