விமானத்துக்குக் கவ்வாத்து

என் மாமா சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது அட்டன் பஸ் நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் அண்ணன் அவர். டிக்கோயா ரோட்டில் கொட்டகை போட்டு, தனியார் பஸ்களின் முகத்திலும் விலாவிலும் பளபளவென்று ஓடும் தகட்டுப் பட்டிகளை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை படு சுத்தம். ஆனால் வாயைத் திறந்தால், தான் பட்டி அடித்த பஸ் பிரேக் இல்லாமலே மலையிறக்கத்தில் நின்றது என்று அளக்கக்கூடிய ஆள். அதனால் அவர் விமானத்துக்கு வேலை செய்யப் போகிறார் என்றபோது கடைவீதியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த விமானத்தை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்ரோட்டில் இருந்த பழைய பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். தோட்டத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பங்களாவில் இருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாங்கள் அவரையும் தொரை என்றே கூப்பிட்டோம். சின்னஞ்சிறு பழங்கால விமானம் ஒன்றை, இறக்கை வேறு உடம்பு வேறாக லொறியில் ஏற்றிவந்து கார் கொட்டகையில் வைத்துச் சீர்செய்துகொண்டிருந்தார் அவர்.

ஒரு நாள் அவருடைய சமையல்காரர் மாமாவைத் தேடி, நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்கு வந்தார். மாமாவும் அப்போது எங்கள் வீட்டில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தொரையோட பிளேனுக்கு கவ்வாத்து பண்ணணுமாம். தகரம் வெட்டுற சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க."

தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிக் கழிப்பதைத்தான் எங்கள் பக்கம் கவ்வாத்து என்போம். விமானத்தில் எதை வெட்டிக் கழிப்பது? மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். இறக்கை நீளமாகப் போய் கொட்டகைக் கதவு மூட முடியவில்லை போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

சுவரோரம் சாத்தியிருந்த இறக்கையை மாமா முழம் போட்டுப் பார்த்தார். சுண்ணக்கட்டியால் அழகாக ஒரு கோடு இழுத்தார். தகரக் கத்தரியை எடுத்து அதன் வாயைப் பிளந்த நேரத்தில் தொரை வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். "எப்பா, எப்பா" என்று கத்தினார். மாமாவின் கைவேலையைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. சிங்களத்தில் அது வேண்டாம் என்று அர்த்தமாகும் என்பது மாமாவின் முகம் கறுத்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். தொரை கேட்டது ட்ரிம். விளிம்பை மறைத்து அழகுக்காக ஓடும் உலோகப் பட்டி. சமையல்காரர் இளவயதில் தோட்டத்து மலைகளில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அவருக்குத் தெரிந்த ட்ரிம் கவ்வாத்து ஒன்றுதான். தொரை நசுங்கி நெளிந்த ஒரு பட்டியைக் கொண்டுவந்து காட்டினார். விமானம் செய்த கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டதாம். எந்த நாட்டில் விசாரித்தும் அந்தப் பட்டி கிடைக்கவில்லையாம். பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே அதைப் பறக்கவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மாமா பட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செஞ்சிரலாங்க" என்றார். அவர் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து பார்வையாளர் யாரும் கொட்டகைக்குள் வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. கத்தரியைப் பார்த்த பயம் தொரைக்கு இறங்கவே இல்லை. அளவெடுக்கவும் பொருத்தவும் மாமா மட்டும் உள்ளே போனார். நான் வாசலோடு நின்றேன்.

பஸ்ஸுக்கு அடிக்கும் தகடு அந்த வளைவுக்கு முரண்டு பிடித்தது. கடைத்தெருவில் வாங்கிய அலுமினியத் தகடோ தொட்டாலே சுருங்கியது. மாமாவின் கண் கடைசியில் எங்கள் அடுப்பங்கரையில் போய் நின்றது. அம்மாவின் கல்யாணத்துக்கு அவரே சீராகக் கொடுத்த பழைய அலுமினிய அண்டா அங்கே இருந்தது. நல்ல கனம்.

அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணனையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடுத்த சீரைத் திருப்பிக் கேக்குற அண்ணனை இந்தத் தோட்டத்துல நான் பார்த்ததில்ல."

"பறக்கப் போவுது தங்கச்சி."

"பேரு வெட்டுன பக்கத்தை மட்டும் விட்டுட்டு வெட்டுங்க."

மாமா வெட்டிய பட்டியின் மேல் சவுக்காரத்தைத் தடவி நெருப்பில் காட்டினார். சவுக்காரம் கறுப்பதுதான் தகடு வளைகிற பதம் என்று, உடனே எடுத்து ஆறவிட்டார். அதற்குமேல் சூடு போனால் அலுமினியம் உருகி வீணாகிவிடும் என்றார். பிறகு தேயிலை வேர்க்கட்டையில் செதுக்கிய அச்சின் மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டினார். முதல் பட்டி வளைவில் கீறிக்கொண்டது. அதைத் தூர வீசிவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார். அது படிந்தது. சாம்பல் போட்டு மினுக்கியது நான். என் முகம் தெரிகிறவரை தேய்த்தேன்.

அப்புறம் விமானம் லொறியில் மலையிறங்கி விமான நிலையத்துக்குப் போனது. இறக்கை பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு மேலாக ஒரு சுற்று வருவதாகத் தொரை வாக்குக் கொடுத்திருந்தார். மாமா சும்மா இருப்பாரா? கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று காலை டிரைவர்களும் கண்டக்டர்களும் வேடிக்கை பார்க்க எங்கள் ரோட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"பாஸ், உங்க பிளேன் எந்த பஸ் ஹோல்ட்ல நிக்கும்? ஏறிக்கலாமா?"

மாமா சிரிக்கவில்லை. பொய்யெல்லாம் ஓடிய வாயில் ஒரு உண்மை வந்திருந்தது. அதை யாரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

விமானம் வந்தது. நீர்த்தேக்கப் பக்கமிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, எங்கள் தலைக்கு மேலே போனது. மூக்குப் பக்கத்தில் ஏதோ பளிச்சென்றது.

"மூக்குல மின்னுது பாருங்க. எங்க மாமா அடிச்ச பட்டி."

நான் கத்தியதும் ஒரு கண்டக்டர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "ஆமா, மின்னுதே" என்றார். பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. "எங்க அண்டாதான் அது" என்று அம்மா பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஹோல்ட் என்று கேலி பேசிய டிரைவர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

போன வருடம் கொழும்பில் அந்த விமானத்தின் பக்கத்தில் நிற்க வாய்த்தது. மூக்கில் பட்டி எதுவும் இல்லை. பஸ் மாதிரி வெளியேதான் மாமா அடித்திருப்பார் என்று நானாக நினைத்திருந்தேன். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், வேகமும் உயரமும் காட்டும் வட்ட வட்ட முள்காட்டிகளைச் சுற்றி, உள்ளே பத்திரமாக மின்னிக்கொண்டிருந்தது எங்கள் அண்டா. ரோட்டில் நின்று எவராலும் அதைப் பார்த்திருக்க முடியாது.

தன் கையாலேயே பொருத்தியவர் மாமா. அது உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். ஊரே நம்பாத அவருடைய உண்மையை, என் பொய்யைக் கேட்டுத்தான் ஊர் நம்பியது. அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் கடைசிவரை சொல்லவும் இல்லை.