செல்லாத நோட்டும் சுத்தக்காரர்களும்

செல்லுகிற நோட்டைச் சேர்த்தால் இந்த ஊரில் கெட்டிக்காரி என்பார்கள். செல்லாத நோட்டைச் சேர்த்தால் ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள். நான் இரண்டாவது வகை. வாரத்தில் ஆறு நாள் துடியலூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. ஏழாவது நாள் இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதப் பணம். ஜப்பான்காரன் பிடித்த நாடுகளில் அவன் அடித்துவிட்ட நோட்டு, அவனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கொரில்லாக்கள் அடித்த நோட்டு, எல்லாம் சேர்க்கிறேன். என்னைப் போல இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்குத் தெரியும், இதில் செலவைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

கோடு போட்ட காகிதம்

கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. என் மேஜையில் பிலிப்பைன்ஸ் கொரில்லா நோட்டு ஒன்றை வைத்திருந்தேன். மலைக்குள் ஒளிந்துகொண்டு, பள்ளிக்கூட நோட்டுக் காகிதத்தில் அச்சடித்து, நம்பரைக் கையால் எழுதியது. ஜப்பான்காரனிடம் இதோடு மாட்டினால் தலை போய்விடும். அப்படியும் சனங்கள் இதை வாங்கிக்கொண்டு அரிசி கொடுத்தார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். முதல் கேள்வி, என் வீட்டுக்காரர் எங்கே என்பது. வீட்டில் சமைக்கிறார் என்றேன். அதற்கே முகம் சுருங்கியது. பத்து நிமிஷம் தொண்டை வறள விளக்கினேன். கவரிலிருந்து நோட்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பள்ளிக்கூட நோட்டுல ஜெராக்ஸ் எடுத்து வச்சுட்டு ஊரை ஏமாத்தாதீங்க அம்மணி.”

பல்லடத்திலிருந்து ஒரு ஃபோன்

கண்காட்சியில் என் நம்பரை வாங்கிப்போன சென்னியப்பன் கூப்பிட்டார். பல்லடத்தில் பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். அவருடைய அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த பத்து டாலர் ஜப்பான் நோட்டு ஒன்று பீரோவில் இருக்கிறதாம். வாழைமரம் போட்ட அந்த நோட்டு என்னிடமே நாலு இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், பின்பக்கம் பென்சிலால் வரிசையாகப் பேர்கள் இருக்கின்றன என்றார்.

தோட்டத்திலிருந்த நம்மூர் ஆட்களை ஜப்பான்காரன் தாய்லாந்துப் பக்கம் சயாம் ரயில் பாதை போட லாரியில் அள்ளிக்கொண்டு போனான். யார் யார் போனார்கள் என்று கையில் கிடைத்த காகிதத்தில் அந்த அப்பாரு குறித்து வைத்திருக்கிறார். போனவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. அவர்கள் பேரைச் சொல்ல அந்தக் காகிதத்தை விட்டால் வேறெதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை தொடவே தொடாதீர்கள் என்று மூன்று தரம் சொன்னேன். “நீங்க வார வரைக்கும் பீரோவையே தொறக்க மாட்டனுங்க.”

மூத்தவர்

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் முப்பது வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மூத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நோட்டு அசல்தானா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார். சென்னியப்பனின் நம்பரையும் கொடுத்துத் தொலைத்தேன்.

அந்தப் பேர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடிப்பு இருக்கிறதா, முனை கிழிந்திருக்கிறதா என்றுதான் கேட்டார். மனிதர்கள் செத்த கதை ஐயா என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பின்னாடி கிறுக்கல் இருந்தா அது நோட்டு இல்லீங்க, குப்பைங்க.”

விறைப்பு

ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போனேன். சென்னியப்பன் காபி கொடுத்து, ஒரு தாம்பாளத்தில் நோட்டை எடுத்துவந்தார். புது அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. திருப்பினேன். பேர் ஒன்றுகூட இல்லை.

மூத்தவர் ஃபோன் செய்து, சுத்தமாக இருந்தால்தான் மதிப்பு என்றிருக்கிறார். சென்னியப்பன் நல்ல மனுஷன், என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்று ரப்பரால் பேர்களை அழித்து, தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் நனைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டார். ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தேறவில்லை. மூத்தவர் மேல் வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் என் மேலேயே திரும்பியது. ஃபோனிலேயே பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. எனக்கு நோட்டு அல்லவா வேண்டியிருந்தது!

நீங்களாவது படித்தீர்களா என்று கேட்டேன். பழைய கையெழுத்து, புரியவில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். நோட்டைக் கையில் வாங்கி, வெறும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க அம்மணி, எங்க அப்பாருகூடப் பொறந்தவரும் அந்த லாரியில போனவருதானுங்க, அவரு பேரும் இதுல இருந்திருக்குமுங்களா?”

ஜப்பான்காரன், கடல், கரையான் எல்லாவற்றுக்கும் தப்பி வந்த காகிதம் நம் ஆட்களின் சுத்தத்துக்கு மட்டும் தப்பாது என்பதுதான், சக கிறுக்கர்களே, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சேர்த்த ஒரே அறிவு.