கண்ணாடிக்காரி

இந்த ஊர்க் குளிர்காலத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் எனக்குக் கண் போய்விடுகிறது. வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். உள்ளே கணப்பின் சூடு. கதவைத் திறந்த மறுகணம் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். திருச்சியில் கண்ணாடிக்கு வியர்வையும் புழுதியும்தான் எதிரி. இப்படி ஒரு தொல்லை உலகத்தில் உண்டென்றே எனக்குத் தெரியாது. வடக்கு இங்கிலாந்தின் இந்தக் கம்பளி ஆலை ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள், மளிகைக்கடை வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். குளிர்காற்றில் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. என் அப்பா வயதுள்ள கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருளைக்கிழங்கு வாங்க வந்தவள் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர் வந்ததும் படபடப்போடு சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் பக்கத்துல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல 'தாயி'ங்கற மாதிரி. பால்காரர் என்னையே 'லவ்'னுதான் கூப்பிடறாரு" என்றார். மறுநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவர் மறுபடியும் "ஆல்ரைட், லவ்?" என்றார். கேட்கிறாரே, பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா என்று, இரண்டு நாளாக இருமல் இருப்பதையும், குதிகால் வெடித்திருப்பதையும், கஷாயத்துக்கு மிளகு கிடைக்காததையும் என் இங்கிலீஷில் விவரமாகச் சொன்னேன். அவர் கையில் வெங்காயத்தோடு கடைசிவரை நின்று கேட்டார். அது வெறும் முகமன், பதிலுக்கு ஒரு தலையசைப்புப் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்நிய ஊர்க் கடையில் நான் இவ்வளவு பேசினேன் என்றால் ஸ்ரீரங்கத்தில் என்னைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். அங்கே எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் குடியிருந்தோம். பூர்வீகம் தொட்டியம். அங்கிருந்து வருகிற வாழை இலைக் கட்டுகளை அப்பா திருச்சி மார்க்கெட்டில் மண்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். எதிரே வருகிற தெரிந்தவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை என்று அம்மாவிடம் புகார் வராத வாரம் கிடையாது. சிலர் கர்வம் என்றார்கள். சிலர் கூச்சம் என்றார்கள். கூச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் எல்லோரும் எனக்கு மூக்கும் வாயும் இல்லாமல் ஒரே மாதிரி இருந்தார்கள் என்பதும் உண்மை. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், நடையையும் புடவை நிறத்தையும் வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மாலை சத்திரம் பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். போர்டில் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வெட்கம். எல்லோரும் ஏறுகிற பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். காவேரிப் பாலம் வந்தது. நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாலமும் வந்தது. கொள்ளிடம்! ஸ்ரீரங்கத்தைத் தாண்டிவிட்டோம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் என்னிடம் வந்து சேர்ந்தது அப்போதுதான். "எங்கம்மா போகணும்?" என்றார். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் திருவெள்ளறைக்கு டிக்கெட் வாங்கியிருந்தாள். தப்பு பஸ் ஏறிவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. "திருவெள்ளறை" என்று சொல்லிவிட்டேன். இறங்கி, வேண்டுதல் உள்ளவள் மாதிரி பெருமாள் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்தவளை அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாய் இல்லையாடி உனக்கு? கேட்டு ஏற வேண்டியதுதானே?"

"போர்டு தெரியலைம்மா. எனக்குக் கண்ணே சரியாத் தெரியலை. கண்ணாடி போடணும்."

அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது. கண்ணாடி போட்ட பொண்ணை எவன் கட்டுவான்? இத்தனை நாள் சமாளிச்ச மாதிரி சமாளி."

"நீ சமாளிச்சுப் பாரு, தெரியும்" என்றேன் கோபத்தில். அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் நான் காசு சேர்க்க ஆரம்பித்தேன். உண்மையில் ஏற்கெனவே கொஞ்சம் சேர்த்திருந்தேன், நைலான் புடவைக்கு. வகுப்பில் பாதிப் பேர் நைலானுக்கு மாறிவிட்டிருந்தார்கள். உறையூரிலிருந்து வரும் என் தோழி கமலா ஒரு ரோஸ் நிற நைலானில் வந்து இறங்கிய நாளில் டீச்சர்கூடப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எனக்கு ஆசை அடித்துக்கொண்டது. அந்த ஆசையை மடித்து வைத்தேன். சத்திரத்திலிருந்து பள்ளிக்கு இன்னொரு பஸ். அதை விட்டுவிட்டு நடந்தேன். ரவிக்கை தைக்கும் ஒரு தையற்காரரிடம் துணி வாங்கி வந்து ஹூக் வைத்துக் கொடுத்தேன். கிட்டப்பார்வைக்காரிக்கு ஊசி வேலை கைவந்த கலை. மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் எறும்பின் மீசைகூடத் தெரியும். கிடைத்த காசைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டேன். குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்தேன். ரவிக்கைக் கையில் புதுசாகப் பஃப் வந்தபோதும், பின்னலில் ரிப்பனுக்குப் பதில் பிளாஸ்டிக் பூ வந்தபோதும் டப்பாவைத் திறக்கவில்லை. பிடிவாதத்தில் நான் மோசமானவள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டப்பா நிறைந்ததும் கமலாதான் என்னைப் பெரிய கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு கண்ணாடி வில்லையாக மாற்றி மாற்றி என் கண்ணுக்கு முன்னால் வைத்தார். எழுத்துப் பலகையில் மேல் வரியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து தெரியலை?" என்றார்.

"எப்பவுமே தெரியாதுங்க."

"அப்போ எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் கமலா. ஃபிரேம் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். நான் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி ஃபிரேம் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. இரண்டு முனையும் பூனைக்காது மாதிரி மேலே கூர்ந்த, கறுப்பு ஃபிரேமை எடுத்து மாட்டிவிட்டாள். "எப்படியும் பார்க்கத்தான் போறாங்க. நல்லாப் பார்க்கட்டுமே!"

சில நாள் கழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். மலைக்கோட்டை உச்சியில் பொட்டுப் பொட்டாக மனிதர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிலையத்துக்கு வந்ததும் என்னையறியாமல் "காட்டூர், துறையூர், முசிறி" என்று எல்லாப் போர்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டேன். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. இத்தனை நாளும் ஜனங்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. கூச்சம் போய்விடும் என்று நினைத்துக் கண்ணாடி போட்டவளுக்கு அது இரண்டு பங்காகிவிட்டது.

இங்கே, இங்கிலாந்தில், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்கு அரசாங்கமே கண்ணாடி கொடுக்கிறது. ஐந்து வயதுப் பொடிசுகள் கண்ணாடியோடு தெருவில் பந்து விளையாடுவதைப் பார்த்து முதலில் எனக்குக் கண் கலங்கியது. இந்த நாட்டில் பெண்களுக்குக் கண்ணாடி போட்டால் கல்யாணம் ஆகாது என்ற கவலை இல்லை என்று ஊருக்கு எழுதக்கூட எழுதினேன். பிறகு ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஜீன், எதிரே ஆலைப் பையன்கள் வருவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முட்டிக்கு மேல் நிற்கும் பாவாடை போட வெட்கமில்லாதவள் அவள்! பஸ் வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் காதோரமாக, "என்ன நம்பர்?" என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். ஊருக்கு எழுதியதை மனத்துக்குள் அடித்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில், கண்ணாடியோடு நான் முதன்முதலில் வீட்டுக்குள் நுழைந்த அன்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து வரவே இல்லை. அப்பா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி" என்றார். தெருவில் எனக்குக் 'கண்ணாடிக்காரி' என்று பெயர் மாறியது. ஊமைக்கோட்டானுக்கு அது எவ்வளவோ தேவலை.

படிப்பு முடிகிற சமயத்தில் லால்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா என்னைத் தனியாக அழைத்துக் கையை நீட்டினாள். "கழட்டிக் கொடு. அரைமணி நேரம்தான். அப்புறம் போட்டுக்கோ."

"மாட்டேம்மா."

"காபித் தட்டைத் தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் போகப் போறே. அதுக்கு எதுக்குக் கண்ணு?"

"நானும் அவரைப் பார்க்க வேண்டாமா?"

அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கண்ணாடியோடுதான் தட்டை எடுத்துப் போனேன். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அம்மா தாம்பூலத் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாயார் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைத் தாண்டிப் போய், எங்களுக்குத் துணையாக வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் குனிந்து, "சம்பந்தியம்மா எடுத்துக்கணும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். அம்மாவின் கண்கள் சுருங்கியிருந்தன. அந்தச் சுருக்கத்தை நான் கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியில் என் முகத்திலேயே தினமும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "அம்மா, உனக்கும் கண்ணு தெரியாதா?"

"யார்கிட்டயும் சொல்லாதே."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா மூஞ்சியே எனக்குத் தெரியலை. மாலை மாத்த கிட்ட வந்தப்போதான் பார்த்தேன்." சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாமல் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "எங்கம்மா சொன்னாங்க, குனிஞ்சே இரு, அடக்கமான பொண்ணும்பாங்கன்னு. அப்படியே இருந்துட்டேன். நீயும் இருந்துடுவேன்னு நினைச்சேன்."

நான் கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தில் மாட்டினேன். பூனைக்காது ஃபிரேம் குங்குமப் பொட்டுக்குக் கீழே ரொம்பக் கம்பீரமாகத்தான் இருந்தது. மண்டியிலிருந்து அப்பா வரும் நேரம். அம்மா ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதோ வர்றது யாரு?"

"அப்பாவாத்தான் இருக்கும். இந்த நேரத்துக்கு வேற யாரு வருவாங்க?"

"இவரு நடக்கறப்போ இப்படியா ஒரு பக்கமாச் சாய்வாரு?"

இலைக்கட்டுச் சுமந்து சுமந்து அப்பாவுக்கு வலது தோள் இறங்கியிருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே எங்கள் தெருவுக்கெல்லாம் தெரிந்த நடை அது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள், அவர் தூரத்திலிருந்து வருவதை முதன்முதலாகப் பார்த்தாள். வாசலுக்கு வந்த அப்பா, ஜன்னலில் கண்ணாடியோடு நின்ற மனைவியைப் பார்த்து, "என்ன, நீயும் இன்ஸ்பெக்டரா?" என்றார். அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை.

லால்குடிக்காரர்களிடமிருந்து பதில் வரவில்லை. நான் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அம்மாவை அதே கடைவீதிக்கு அழைத்துப் போனேன். முதலில் வீட்டுக்குள் மட்டும் போட்டாள். பிறகு கோயிலுக்கு. ரங்கநாதர் சந்நிதியில் பின்னால் இருந்தவர்கள் "நகருங்கம்மா, நகருங்க" என்று சொல்லியும் அசையாமல் நின்றாள். வெளியே வந்து, "இத்தனை வருஷமா இருட்டைத்தான் கும்பிட்டிருக்கேன்டி" என்றாள். அப்புறம் பெண் பார்க்க வந்த என் கணவர் என்னைவிடத் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்களுக்கு மைனஸ் எவ்வளவு?"

ஆலை வேலைக்காக அவர் எனக்கு முன்னால் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். பிறகு நான் புறப்பட்டேன். திருச்சி ஜங்ஷனில் என்னை மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிட அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். எனக்கு ஜன்னலோர இடம். ஆனால் எஞ்சினுக்கு முதுகு காட்டிய இருக்கை. மாற்றித் தரட்டுமா என்று எதிரே இருந்தவர் கேட்டார். வேண்டாம் என்றேன். முன்பெல்லாம் நானோ அம்மாவோ ஊருக்குப் போனால் பிரிவு சுருக்கமாக முடிந்துவிடும். நாலு அடி போனதும் இருவருக்கும் இருவரும் மங்கிவிடுவோம், கையை இறக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அன்றைக்கு அது முடியவில்லை. வண்டி நகர்ந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையை அசைத்தாள். அவள் உதடு துடிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிகிறது என்று அவளுக்கும் தெரிந்தது. கையை இறக்க இருவருக்கும் வழியில்லை. வண்டி என்னை வடக்கே இழுத்துக்கொண்டு போக, நான் முகத்தைத் திருச்சிப் பக்கமே வைத்துக்கொண்டு, பிளாட்பாரம் முடிந்த பிறகும் கையை அசைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.