சவுக்குப் புகை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்குச் சோறு போடுகிறவன் நான். என் கேண்டீனில் எல்லாம் நீராவி அடுப்பு. இன்று காலை யாரோ ஈரச் சவுக்கு விறகைக் கொளுத்திய வாசனை வந்ததும், கவரைப்பேட்டை ரயில்வே கேட் ஓரம் அம்மா வைத்திருந்த இட்லிக் கடைக்கே போய்விட்டேன். ஷிப்டுக்கு வருகிறவர்கள் ரயில் ஜன்னலிலிருந்தே எங்கள் புகையைத் தேடுவார்கள். தெரியாவிட்டால் எதிரே வந்திருந்த புது ஓட்டலுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு மழைநாள் கூரை ஒழுகி மாவு முழுக்க வீணானது. அம்மா வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தாள்.

"மாவே இல்ல, இன்னாத்துக்கும்மே அடுப்பு?" என்று நைனா சிரித்தார்.

"புகைய பாத்துக்கினே வருவாங்கய்யா. இன்னைக்கு காணோம்னா நாளைக்கு அந்தாண்ட போயிடுவாங்க."

வந்தவர்களுக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "இட்லி ரொம்ப மெத்துனு இருக்குதுக்கா!" என்று கிண்டலடித்தபடி ஊதி ஊதிக் குடித்தார்கள். மறுநாளும் எங்களிடமே வந்தார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத நான் கற்ற தொழில் அவ்வளவுதான்.

இப்போது அங்கே கேட் இல்லை, மேம்பாலம். ரயிலில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், இவ்வளவு பெரிய முதலாளி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புகையைத் தேடுகிறேன்.